அசந்து படுத்தும் ஏன் தூக்கம் வருவதில்லை?

அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் மூன்று வாரம் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அது யாருக்கும் புரியும். எனக்குப் புரியாமல் போனது அதற்கப்புறம் நடந்ததுதான். அப்பா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். மொட்டை மாடியில் காலை நடை, பேத்தியோடு பல்லாங்குழி என்று பழைய ஆளாகிவிட்டார். ஆஸ்பத்திரிக் கணக்கும் முடிந்தது. கவலைப்பட எதுவும் மிச்சமில்லை. நான் மட்டும் தினமும் பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, கீழே பால் வண்டி வந்து பிளாஸ்டிக் ட்ரேக்களை இறக்கும் சத்தம் கேட்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான்கு மாதம் இப்படியே போனது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில். "டென்ஷன்தான். எதையும் யோசிக்காம படு, தூக்கம் தானா வரும்." அன்போடு சொல்வதுதான். ஆனால் அதில் இரண்டு தவறு இருக்கிறது. யோசிக்காமல் இருப்பது நம் கையில் இல்லை. டென்ஷன் போனால் தூக்கம் தானாகத் திரும்பும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. டென்ஷன் போன பிறகும் தூக்கமின்மை மட்டும் தங்கிவிடுவது உண்டு. அது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. நான் மருத்துவர் இல்லை. எனக்கு ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் என்னைப் போல விழித்துக் கிடப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் இந்த விஷயம் குழம்புவதற்கு ஒரு காரணம், நாம் சொற்களைக் கலந்துவிடுவது. 'மன அழுத்தம்' என்று செய்தித்தாளில் பார்த்தால் அது ஸ்ட்ரெஸ்ஸா, டிப்ரஷனா என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் அதையே போடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் மன அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ் மட்டும்தான். அதாவது, ஒரு நெருக்கடியைச் சமாளிக்க உடம்பும் மனமும் முறுக்கேறி நிற்கும் நிலை. டிப்ரஷன் என்பது மனச்சோர்வு. அது தனியான நோய், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

அடுத்தது 'தூக்கமில்லை' என்ற சொல். ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெண்ணுக்கும் தூக்கமில்லை. பத்து மணிக்கே படுத்து, இரண்டு மணிவரை புரண்டு புரண்டு படுப்பவருக்கும் தூக்கமில்லை. முதலாமவருக்குத் தூங்க நேரம் இல்லை. அது தூக்கப் பற்றாக்குறை. இரண்டாமவருக்கு நேரம் இருந்தும் தூக்கம் வரவில்லை. அதுதான் தூக்கமின்மை. முதலாமவரிடம் போய் மூச்சுப் பயிற்சி செய், போனை ஒதுக்கி வை என்று சொல்வது அநியாயம். அந்த வீட்டில் இன்னொருவர் எழுந்து சமையலறைக்குள் போக வேண்டும், அதுதான் அங்கே மருந்து. நான் எழுதுவது இரண்டாமவரைப் பற்றி.

மூன்றாவது வித்தியாசத்தைத் தமிழ் அழகாகவே பிரித்து வைத்திருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அசதி வேறு, தூக்கம் வேறு. அசதி என்றால் கைகால் ஓய்ந்து, எதையும் செய்யப் பிடிக்காத நிலை. தூக்கம் வருவது என்றால் கண் செருகும், தலை ஆடும், படித்த வரியையே திரும்பப் படிப்போம். மன அழுத்தத்தில் இருப்பவர் பெரும்பாலும் அசந்து போயிருப்பார், ஆனால் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. "இவ்வளவு அசதியா இருக்கு, படுத்தா கண்ணு கொட்டக் கொட்ட முழிச்சிருக்கு" என்று அவர்கள் சொல்வதில் முரண்பாடே இல்லை. இது ஏன் என்று புரிய, தூக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தூக்கம் ஒரு பசி

தூக்கத்தைப் பசியோடு ஒப்பிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். சாப்பிட்டு நேரம் ஆக ஆகப் பசி ஏறுகிறது. விழித்திருக்கும் நேரம் ஏற ஏறத் தூக்கமும் அப்படித்தான் சேர்கிறது. மூளை வேலை செய்யச் செய்ய அதில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேர மூளையின் சுறுசுறுப்பு மங்கும். இப்படிச் சேரும் உந்துதலைத் 'தூக்க அழுத்தம்' என்பார்கள். தூங்கும்போது அது கரைகிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு போண்டா சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அதே நேரத்தில் ஒரு மணி நேரம் தூங்கினால் ராத்திரித் தூக்கமும் அப்படித்தான் கெடும். காபி செய்யும் வேலை வேறு. அது அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் உள்ள காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. பசி இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். ஐந்து மணிக் காபியில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது.

பசி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். மூளையில், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சிறு தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் நம் உடல் கடிகாரம். எப்போது உடம்பு சூடேற வேண்டும், எப்போது குளிர வேண்டும், இருட்டைக் குறிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது கடிகாரம் தினமும் சரியாகிறது. இப்படிப்பட்ட கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு மூன்று அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது.

தூக்க அழுத்தம், உடல் கடிகாரம் இரண்டும் சேர்ந்தே தூக்கத்தைக் கொண்டுவருகின்றன என்று 1982-ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் முன்வைத்தார். இன்றும் தூக்க மருத்துவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சுருக்கமாக: விழித்திருக்கும் நேரத்தில் தூக்கம் சேர்கிறது, கடிகாரம் கதவைத் திறக்கிறது. இரண்டிலும் நம் முயற்சிக்கு இடமே இல்லை. பசியை முயன்று வரவழைக்க முடியாதது போலத்தான் தூக்கத்தையும். மன அழுத்தம் இந்த இரண்டுக்கும் மேலே ஏறி உட்காரும் மூன்றாவது ஆள்.

திருட்டுப் போன தெரு

ஒரு தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. அடுத்த நாளிலிருந்து அந்தத் தெருவே கோழித் தூக்கம்தான் தூங்கும். பூனை குதித்தால் நாலு வீட்டில் விளக்கு எரியும். நாய் குரைத்தால் ஜன்னலில் தலை தெரியும். திருடன் அகப்பட்ட செய்தி வந்த பிறகும் பல நாள் இது ஓயாது. தெருக்காரர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. ஆபத்து இருக்கிற இடத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

உடம்பும் அப்படித்தான் நினைக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் மூளையில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி சைகை கொடுக்கும். உடனே 'பரிவு நரம்பு மண்டலம்' முடுக்கப்படும். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் படித்திருப்போம். இதயத் துடிப்பை ஏற்றி, மூச்சை வேகமாக்கி, தசைகளை இறுக்கி, ஓடவோ சண்டை போடவோ தயார்செய்யும் நரம்புகள் அவை. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினைக் கொட்டும். சில நிமிடங்களில் கார்டிசால் என்ற ஹார்மோனும் ஏறும். அட்ரினலின் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். கார்டிசால் மெதுவாக வந்து, கொஞ்ச நேரம் தங்கி, நெருக்கடிக்கு வேண்டிய சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றிக்கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. என்ன ஆபத்து என்று அது பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், நச்சு மருந்துகள் என்று வெவ்வேறு துன்பங்களுக்கு உட்படுத்திப் பார்த்தார். காரணம் எதுவானாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மாறியது. அட்ரினல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936-ல் அவர் எழுதிய அந்தச் சிறு குறிப்பிலிருந்துதான் ஸ்ட்ரெஸ் பற்றிய மருத்துவப் பேச்சு பெருகியது. நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். வாசலில் நிற்கும் திருடனுக்கும், ஐந்தாம் தேதி பிடிக்கப்போகும் கடன் தவணைக்கும், மேலாளர் ராத்திரி பத்தரைக்கு அனுப்பிய "காலையில் பேசணும்" என்ற ஒற்றை வரிக்கும் உடம்பு ஏறக்குறைய ஒரே மணியைத்தான் அடிக்கிறது.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தூக்க அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் அது தோற்றுப்போகும். அப்படித் தோற்பது நல்லதற்குத்தான். இல்லையென்றால் ஆதி மனிதன் புலி வரும்போது குறட்டை விட்டிருப்பான். உடம்பும் மூளையும் இப்படி ஓயாமல் உஷாராக இருக்கும் நிலையை 'மிகை விழிப்பு' என்று வைத்துக்கொள்வோம். அசந்துபோனவருக்குத் தூக்கம் வராததன் விடை இதுதான். நாள் முழுக்க முறுக்கேறி நின்றதால் அசதி. முறுக்கு இன்னும் இறங்காததால் விழிப்பு.

மூன்று மணி விழிப்பு

பலருக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும், நடுவில் விழித்துக்கொள்வதுதான் பிரச்சினை. அதுவும் இரண்டரை, மூன்று என்று கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். ஏதோ கெட்ட சகுனம் என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னை ஆட்டிவைத்தது இதுதான்.

தூக்கம் ஒரே மட்டத்தில் போவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஆழத்துக்குப் போய் மேலே வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் கனவுகள் அதிகம், தூக்கம் மெலிசு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாம் எல்லாருமே சில நொடி விழித்துக்கொள்கிறோம். புரண்டு படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடுவதால் காலையில் அது நினைவிலேயே இருக்காது.

மூன்று மணிக்கு என்ன ஆகிறது? முன்னிரவுத் தூக்கத்திலேயே தூக்க அழுத்தம் பெருமளவு கரைந்திருக்கும். அரைச் சாப்பாட்டில் பசி அடங்குவது போல. இன்னொரு பக்கம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருந்த கார்டிசால், நம்மைக் காலையில் எழுப்புவதற்காகப் பின்னிரவிலிருந்தே மெல்ல ஏற ஆரம்பித்திருக்கும். இது எல்லாருக்கும் நடப்பது. ஆகவே அந்நேரத்தில் ஒரு சின்ன விழிப்பு வருவது இயல்புதான்.

மிகை விழிப்பில் இருப்பவருக்கு அந்தச் சின்ன விழிப்பு அப்படியே கடந்துபோவதில்லை. கண் திறந்ததும் கை போனைத் தேடும். மணி 3:07. உடனே மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். ஆறுக்கு எழுந்தாக வேண்டும், இப்போதே தூங்கினால் மூன்று மணி நேரம் கிடைக்கும், நேற்றும் இப்படித்தான், நாளைக்கு வேலை எப்படி ஓடும்? இந்தக் கணக்கே ஒரு ஆபத்துச் செய்தி. மணி அடித்துவிடும், இதயம் படபடக்கும். அந்த நேரத்தில் வரும் எண்ணங்கள் எல்லாமே பகலில் இருப்பதைவிட இருட்டாக இருக்கும். பகலில் 'பார்த்துக்கலாம்' என்று தோன்றிய விஷயம் மூன்று மணிக்குக் குடும்பமே மூழ்கப்போவது போலத் தெரியும். அந்நேரத்து முடிவு எதையும் நம்பக்கூடாது என்று நான் எனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

இங்கேதான் முக்கியமான திருப்பம். அப்பாவைப் பற்றிய கவலை என்னை எழுப்பியது முதல் மூன்று வாரம்தான். அப்புறம் என்னை விழிக்க வைத்தது தூக்கம் வராதோ என்ற கவலை.

கவலை போன பிறகும் ஏன் தங்குகிறது

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை எளிமையாகப் பிரித்துக்காட்டினார். தூக்கமின்மைக்கு மூன்று அடுக்கு. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் மெலிசு, அது முதல் அடுக்கு. ஒரு சாவு, ஒரு கடன், ஒரு பிரசவம், ஒரு வேலையிழப்பு என்று தூக்கத்தைக் கலைத்துவிடும் சம்பவம் இரண்டாவது. மூன்றாவது அடுக்குதான் விஷயமே. கலைந்த தூக்கத்தைச் சரிசெய்வதாக நினைத்து நாம் செய்யும் காரியங்கள். அவைதான் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

நான் செய்ததைச் சொல்கிறேன். ராத்திரி போன தூக்கத்தை ஈடுகட்ட ஒன்பதரைக்கே படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை எழுந்திருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்தேன். பகலில் தலை கிறுகிறுத்ததால் நான்காவது காபி குடித்தேன். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் பசி பற்றி முன்பு சொன்னதோடு பொருத்திப் பாருங்கள். சீக்கிரம் படுத்தபோது பசி சேரவில்லை. மத்தியானத் தூக்கம் போண்டா. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் உடல் கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. காபி பசியை மறைத்தது. மொத்தத்தில் ஆறு மணி நேரத் தூக்கத்தை ஒன்பது மணி நேரப் படுக்கைமேல் மெலிதாகப் பரப்பினேன். தோசை மாவு கொஞ்சமாக இருக்கும்போது கல் முழுக்க இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். என் இரவு அப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

இதைவிட ஆழமாக இன்னொன்றும் நடக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அடுத்த முறை கிளினிக் வாசலில் ஸ்பிரிட் வாசனை வந்தவுடனே அழ ஆரம்பிக்கும். ஊசியை இன்னும் பார்க்கவே இல்லை. வாசனையும் வலியும் சேர்ந்து பழகிவிட்டதால் வாசனையே போதும். இப்படி இரண்டு விஷயங்கள் முடிச்சுப் போட்டுக்கொள்வதைத்தான் உளவியலில் 'கண்டிஷனிங்' என்கிறார்கள். தினமும் மூன்று மணி நேரம் படுக்கையில் படபடப்போடு விழித்துக் கிடந்தால், படுக்கையும் படபடப்பும் அப்படி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் தலையணையில் தலை வைத்தாலே மணி அடிக்கும்.

உங்களுக்கு இந்த முடிச்சு விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். சோபாவில் சீரியல் பார்த்துக்கொண்டே கண் அயர்கிறீர்கள். எழுந்து போய்ப் படுத்தவுடன் தூக்கம் பறந்துவிடுகிறது. வீட்டில் வராத தூக்கம் பஸ்ஸில், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் உங்களுக்குத் தூங்கும் திறமை கெடவில்லை. பஸ்ஸில் யாரும் தூங்க முயற்சி செய்வதில்லை, அவ்வளவுதான்.

சுருக்கமாக: மன அழுத்தம் தூக்கத்தைக் கலைக்கிறது. அதை ஈடுகட்ட நாம் செய்பவை தூக்கத்தை மெலிசாக்குகின்றன. விழித்துக் கிடக்கும் இரவுகள் படுக்கையையே ஆபத்து மணியோடு முடிச்சுப் போடுகின்றன. இப்போது பழைய கவலை தீர்ந்தாலும் இந்தச் சக்கரம் தானே சுற்றும்.

படுக்கையைத் தூக்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பது

முடிச்சை அவிழ்க்கும் முறையை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-லேயே எழுதிவிட்டார். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். அசதி போதாது, கண் செருக வேண்டும். படுக்கையில் தூக்கம் வராமல் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, எரிச்சல் வருகிறது என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது ஒன்று. மறுபடி கண் செருகினால் திரும்பி வரலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். காலையில் எழுந்திருக்கும் நேரம் மட்டும் மாறக்கூடாது, இரவு எப்படிப் போயிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

புத்தகத்தில் 'இருபது நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். அதற்காகக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் காரியம் கெட்டது. கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள், போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். குத்துமதிப்பு போதும்.

'வேறு அறை' என்பது எல்லா வீட்டிலும் இல்லை என்பதும் தெரியும். ஒரே கூடத்தில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் எழுந்து எங்கே போவது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாலும் போதும், வாசல் படியில் உட்காரலாம். படுத்த நிலையில் தூக்கத்தோடு மல்லுக்கட்டாமல் இருப்பதுதான் இதன் சாரம். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். பழைய துணிகளை மடித்தேன். ஒன்றிரண்டு நாள் வெறுமனே ஜன்னல் வழியே தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. பகலில் தள்ளாடுவோம். ஆனால் அந்தத் தள்ளாட்டத்தில்தான் தூக்க அழுத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் எனக்கு இரவின் நடுவில் இருந்த ஓட்டை சுருங்க ஆரம்பித்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தையே திட்டமிட்டுக் குறைக்கும் முறை ஒன்றும் உண்டு, ஸ்பீல்மன் வகுத்தது. அது இன்னும் வேகமாக வேலை செய்யும். ஆனால் வலிப்பு நோய் இருப்பவர்கள், இருமுனைக் கோளாறு (பைபோலார்) என்ற மனநோய் இருப்பவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள் அதைத் தாங்களாகச் செய்யக்கூடாது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

இவற்றோடு தூக்கம் பற்றிய பயங்களைப் பேசிக் களைவதையும் சேர்த்து, சில வாரங்கள் நடத்தும் சிகிச்சைக்குத் 'தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் பரிந்துரை வெளியிட்டது. நம் ஊரில் தூக்கம் வரவில்லை என்றவுடன் மருந்துக்கடை நோக்கிப் போகிறோம். இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்.

கவலைக்குச் சாயங்காலம் ஒரு நேரம்

சரி, உண்மையான கவலை இன்னும் இருப்பவர் என்ன செய்வது? கடன் இருக்கிறது, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, அம்மாவுக்கு டயாலிசிஸ். இவற்றை 'நிர்வகிக்கலாம்' என்று யாராவது சிரித்த முகத்தோடு சொன்னால் எனக்கே கோபம் வரும். கவலையை ஒழிக்க முடியாது. அது வரும் நேரத்தை மட்டும் மாற்ற முடியும்.

நாள் முழுக்க ஓடுபவருக்குக் கவலைப்படவே நேரம் கிடைப்பதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் மனசு தன் கோப்பைத் திறக்கிறது. அதனால் அதற்கு ஆறு, ஆறரை மணிக்கு ஒரு பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. இடது பக்கம் கவலை, வலது பக்கம் அதற்காக அடுத்து எடுக்கப்போகும் ஒரே ஒரு சின்ன அடி. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: 'அப்பா மாத்திரை தீருது — வியாழன் வாங்கணும்.' 'மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுது — பிளம்பருக்குப் போன்.' 'மறுபடியும் அட்டாக் வந்தா? — ஒன்றும் செய்ய முடியாது, செக்கப் 14-ம் தேதி.' வலது பக்கத்தில் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று எழுதுவதும் ஒரு பதில்தான். மூன்று மணிக்கு அதே கவலை வந்தபோது, அதற்கு ஏற்கெனவே பதில் எழுதியாயிற்று என்ற நினைவு உதவியது.

இதற்கு ஒரு சின்ன ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. படுக்கப் போகும்போது ஐந்து நிமிடம், இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாத வேலை, செய்து பார்க்கலாம்.

மூச்சு, போன், மாத்திரை

மூச்சுப் பயிற்சி மந்திரம் இல்லை, ஆனால் அதில் உண்மை இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். பரிவு நரம்புகளுக்கு எதிராக, உடம்பை அமர்த்தும் நரம்புகளின் வேலை அது. மூச்சை விடும் நேரத்தை நீட்டினால் அந்த அமர்த்தலுக்கு இடம் கொடுக்கிறோம். இழுக்க நாலு எண்ணிக்கை, விட ஆறோ எட்டோ. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 'இதைச் செய்தால் தூங்கிவிடுவேன்' என்று செய்தால் அதுவும் ஒரு முயற்சியாகிவிடும், மணி அடிக்கும். உடம்பின் முறுக்கை இறக்கச் செய்யுங்கள். தூக்கம் அதன் பாட்டுக்கு வரட்டும். இதன் மறுபக்கமாக, இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு 'இன்னும் கொஞ்சம் விழித்திருப்போம்' என்று இருக்கச் சொல்லும் உத்தி ஒன்றும் உண்டு. சிகிச்சையாளர்கள் பயன்படுத்துவது. முயற்சியைக் கைவிட்டவுடன் கண் செருகுவது பலருக்கு நடக்கும்.

போன் வெளிச்சம்தான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று பேசுகிறோம். வெளிச்சத்துக்குப் பங்கு உண்டுதான். எனக்கென்னவோ அதில் வரும் செய்திதான் பெரிய எதிரி என்று படுகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பத்தரை மணிக்குப் பார்த்துவிட்டு நீல வெளிச்சத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மது தூக்கம் தரும் என்பது பாதி உண்மை. சீக்கிரம் தூங்கவைக்கும், அது உடம்பில் கரைந்ததும் பின்னிரவைத் துண்டு துண்டாக்கும். தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போடுபவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாக இப்படி இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, படுத்தால் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, தைராய்டுப் பிரச்சினை, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு நான் எழுதிய முறைகள் போதாது, காரணத்தைப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன மனச்சோர்வும் அதிகாலை விழிப்பாக வரலாம். எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் உடனே பேசுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு ஒரு தூக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். தினமும் காலையில் ஒரே ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமார் எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினேன், நடுவில் எத்தனை முறை விழித்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், பகலில் தூங்கினேனா, கடைசிக் காபி எப்போது, என்னென்ன மாத்திரை. இரவில் கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம், காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். நான் கொண்டுபோனது என் மகளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய பதினான்கு வரி. மருத்துவர் அதை இரண்டு நிமிடம் படித்துவிட்டு, மாத்திரைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "ஒன்பதரைக்கு எதுக்கு படுக்கறீங்க?" என்று கேட்டார்.